கல்லுக்கு ஆகாத சொல்

மேவிஸ் டாஸ்கர் இறந்து ஒன்பது மாதங்களாகியும் அவள் தலைமாட்டில் கல் நடப்படாமல் இருந்ததற்குக் கல் கிடைக்காதது காரணமல்ல. கல் தயாராக இருந்தது. கல்தச்சன் ரெக் அதைத் தன் பட்டறை வாசலில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தான். பெயரை வெட்டியாகிவிட்டது. பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் வெட்டியாகிவிட்டன. அவற்றுக்குக் கீழே ஒரு சாண் இடம் வெறுமையாகக் கிடந்தது. அந்த ஒரு சாண் இடத்தைக் குறித்து மார்ல்பி திருச்சபையின் கடிதச் செயலாளன் என்ற முறையில் நான் எழுதியவை இருபத்தொரு கடிதங்கள். பெற்றவை பத்தொன்பது.

எங்கள் ஊரில் ஒரு மனிதன் சாவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. செத்தபின் கோவில் கல்லறைத் தோட்டத்தில் அவனைப் பற்றி நான்கு சொற்களைக் கல்லில் வெட்டத்தான் அனுமதி தேவை. அதற்கென்று, பல ஊர்த் திருச்சபைகளைச் சேர்த்து ஆளும் திருமண்டலத்தில் கல்லறை வாசகக் குழு என்று ஒன்று இருக்கிறது. ஐந்து பேர், ஒரு செயலாளர், வியாழக்கிழமைகளில் கூட்டம், நடுவில் டீ. அவர்கள் சரி என்றால் உளி இறங்கலாம். இல்லையென்றால் அதற்கும் மேலே பொய்முடி வைத்த திருமண்டல நீதிபதி ஒருவர் உண்டு.

மேவிஸின் கணவர் கிளிஃபர்ட் மார்ச் மாதம் ஒரு காலையில் என் வீட்டுச் சமையலறைக்கு வந்தார். முப்பத்து நான்கு வருடம் வடிகால் பம்பு நிலையத்தில் வேலை பார்த்தவர். எங்கள் வயல்கள் கடலைவிடத் தாழ்ந்தவை. பம்பு நின்றால் ஊரே தண்ணீரில் நிற்கும். ஆகவே நீர்மட்டத்தைத் தவிர வேறெதைப் பற்றியும் அதிகம் பேசிப் பழகாதவர். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு ஒரு காகிதத்தை மேசைமேல் தள்ளினார்.

"இத அனுப்பிடு நார்மன். கல்லுக்கு."

பென்சிலால் எழுதியிருந்தார்: அவள் என் டிலைட்.

நான் இரண்டு முறை படித்தேன். டிலைட் என்றால் சாதாரண சந்தோஷம் அல்ல. உள்ளே எதுவோ துள்ளிக் குதிக்கிற சந்தோஷம். முதல் பனி விழுவதைச் சன்னலில் பார்க்கும் குழந்தைக்கு வருவது. எங்கள் ஊரில் அது யாருக்கும் வருவதில்லை என்று சொல்லமாட்டேன். வந்தால் கொஞ்ச நேரம் கொட்டகைப் பக்கம் போய் நின்றுவிட்டு, சரியானதும் உள்ளே வருவார்கள்.

"இதேதானா கிளிஃப்?"

"இதேதான்."

"'அன்பு மனைவி'ன்னு போட்டா ஒரு வாரத்துல அனுமதி வந்துடும். அச்சடிச்ச பாரமே இருக்கு."

"அன்பு மனைவி எல்லார் வீட்லயும் இருந்தாங்க," என்றார் கிளிஃபர்ட். "இத அனுப்பு."

அனுப்பினேன். பதில் மூன்றாம் வாரம் வந்தது, கிளிஃபர்டின் பெயருக்கு, என் மூலம். குழுவின் செயலாளர் திரு. லம்லி கையெழுத்திட்டிருந்தார். அந்த அலுவலகத்துக் கடிதங்களுக்கு முதல் வரி முன்னரே அச்சாகியிருக்கும். மிச்சத்தைத் தட்டச்சு செய்வார்கள். எனவே கடிதம் இப்படித் தொடங்கியது: "தங்களிடமிருந்து தகவல் பெற்றதில் நாங்கள் டிலைட் அடைகிறோம். தங்கள் மனைவியாரின் மறைவு குறித்து." இரண்டாம் பத்தியில், மேற்படி சொல் அனுமதிக்கப்பட்ட சொற்களின் பட்டியலில் இல்லை என்றும், "அன்பான", "அருமையான", "நினைவில் வாழும்" ஆகியவை இருப்பில் உள்ளன என்றும் இருந்தது. மறுபரிசீலனை வேண்டுமானால் அந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டிய அவசியத்தை ஒரு பக்கத்துக்கு மிகாமல் விளக்க வேண்டும்.

கிளிஃபர்டிடம் கேட்டேன். அவர் விளக்கியது ஒரு வரி. "அவ அப்பிடித்தான் இருந்தா." அதையே ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்பினேன்.

குழு அந்தச் சொல்லை ஆராய மூன்று பேர் கொண்ட துணைக்குழுவை அமைத்தது. ஜூன் மாதம் அதன் குறிப்பு வந்தது. அந்தச் சொல்லை மனிதர் எங்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று முறையாகத் தேடியிருந்தார்கள். சர்க்கரைப் பொடி தூவிய ஒரு மிட்டாய்க்கு அந்தப் பெயர் உண்டு. மிட்டாயின் பெயர் கல்லறைக்கு ஒவ்வாது. பக்தர் இறைவனிடம் அடைவது உண்டு. அது இறைவனுக்கே உரியது, மார்ல்பியைச் சேர்ந்த ஒரு பெண்மணிக்கு மாற்றித் தர இயலாது. தோட்டக்கலைக் கண்காட்சியில் பரிசு பெற்ற வெங்காயத்தைப் பார்த்து நடுவர்கள் அடைவதும் உண்டு. கணவன் மனைவிக்கிடையே ஏற்படுவதைப் பற்றி மட்டும், "உறுப்பினர்கள் இது குறித்து விவாதிக்க முற்பட்டு, டீ இடைவேளைக்குப் பின் வேறு பொருளுக்குச் சென்றனர்" என்று இருந்தது.

இருந்தாலும் குழு நியாயமானது. ஊர் மக்களின் கருத்தைக் கேட்க முடிவு செய்தது. ரெக் ஒரு பலகையைக் கல்லின் அளவுக்கு வெட்டி, வாசகத்தைக் கறுப்புச் சாயத்தில் எழுதி, மேவிஸின் மண்மேட்டின் தலைப்பக்கம் ஊன்றினான். இருபத்தெட்டு நாள் அது அங்கே நிற்க வேண்டும். கோவில் முகப்பில் கயிற்றில் கட்டிய பென்சிலோடு ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கப்பட்டது. ஊரார் அதில் எழுதினார்கள். "கொஞ்சம் அதிகம்." "மேவிஸுக்கே சிரிப்பு வந்திருக்கும்." "பட்டாணித் தொழிற்சாலையில் அவளோடு பதினெட்டு வருடம் இரவு ஷிப்டில் ஒரே பெல்ட்டில் நின்றேன், என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்." "நாய்களைக் கயிற்றில் பிடித்து வரவும்."

முறையான ஆட்சேபம் ஒன்றே ஒன்று. பக்கத்துக் கல்லறைக்காரி ஹில்டா கிரைம்ஸ் அதை எழுத்தில் தந்தாள். அவள் கணவர் எர்னஸ்ட் அங்கே ஆறு வருடமாக இருக்கிறார். கல்லில் "கடமை தவறாத கணவர்" என்று இருக்கிறது. மனதில் உள்ளதை மறைக்கிறவள் அல்ல ஹில்டா. தபால் நிலைய வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கிளிஃபர்டின் முழங்கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"மேவிஸ் மேல எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு. அவ போன அன்னிக்கு மொதல்ல பிளம் ரொட்டி சுட்டு எடுத்தாந்தது யாரு?"

"நீதான்."

"நானேதான். ஆனா யோசிச்சுப் பாரு. சனங்க அந்தப் பாதையில வருவாங்க. மொதல்ல எங்காளு. 'கடமை தவறாதவர்'. அடுத்த அடி எடுத்து வச்சா டிலைட்டாம். என்ன நெனைப்பாங்க? பாவம், இந்தம்மாவுக்கு முப்பத்தெட்டு வருசமா ஒண்ணும் கெடைக்கலன்னுதான?"

கிளிஃபர்ட் கொஞ்சம் யோசித்தார். "கெடைச்சுதா?"

"அதப்பத்தி இப்போ பேச்சில்ல," என்றாள் ஹில்டா. "கல்லப்பத்திதான் பேச்சு." கவுண்டர் பக்கம் திரும்பினாள். "ஒரு புத்தகம் ஸ்டாம்பு குடும்மா."

ஆட்சேபம் வந்துவிட்டதால் குழு நேரில் பார்வையிட வந்தது. ஆகஸ்ட்டில் ஒரு வியாழன். ஐந்து உறுப்பினர்களும் ரப்பர் காலணியோடு இறங்கினார்கள். பாதையில் எவ்வளவு தூரத்தில் நின்றால் அந்தச் சொல் கண்ணில் படுகிறது என்று ஒருவர் நாடாவைப் பிடித்து அளந்தார். பதினேழு அடி. இன்னொருவர், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, எதுவும் அறியாத வழிப்போக்கராகத் தன்னைப் பாவித்துக்கொண்டு வாசல் கதவிலிருந்து நடந்து வந்தார். பலகை முன்னால் திடீரென்று நின்று, படித்து, "ஆம், தாக்குகிறது" என்றார். எதற்கும் சரிபார்க்க மறுபடி ஒரு முறை நடந்தார். அப்போதும் தாக்கியது.

திரு. லம்லி கிளிஃபர்டைத் தனியே அழைத்தார். இரக்கமான மனிதர், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாங்க உங்களுக்கு எதிரி இல்ல மிஸ்டர் டாஸ்கர். வழி தேடறோம். எழுத்த அரை அங்குலமாக் கொறச்சா? மண்டி போட்டுக் குனியறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். இல்லேன்னா முன்னால ஒரு சொல் சேத்துக்கலாம். 'மிதமான டிலைட்'. குழுவுல அதுக்கு ஆதரவு இருக்கு."

"எவ்வளவு மிதமா?"

"இந்தப் பகுதியில வழக்கமா இருக்கற அளவு."

கிளிஃபர்ட் பலகையைப் பார்த்தார். "ஒங்க கடுதாசியில அது முழுசாத்தான வருது," என்றார். "ஒவ்வொண்ணுலயும். மொத வரியில."

திரு. லம்லி சிரித்தார். புண்பட்டவராகத் தெரியவில்லை. "அது மரியாதைக்குப் போடறதுங்க. யாரும் நெஜமா அடையறதில்ல. அதனாலதான் யாருக்கும் தொந்தரவில்ல. கல்லுல போட்டா நெஜம்னு ஆயிடுதே."

விஷயம் நீதிபதியிடம் போனது.

விசாரணை நவம்பரில் எங்கள் கோவிலுக்குள்ளேயே நடந்தது. பீடத்துக்கு முன்னால் மேசை போட்டு, பச்சைத் துணி விரித்து, நீதிபதி பொய்முடியும் கறுப்பு அங்கியுமாக உட்கார்ந்தார். அவருக்கு மட்டும் கணப்பு. முன்வரிசையில் குழு. பின்வரிசைகளில் ஊரார், கம்பளியும் தெர்மாஸும் மடியில். ஆதாரப் பொருளாகப் பலகையைப் பிடுங்கிவந்து தூணில் சாய்த்து வைத்திருந்தார்கள். அடிப்பக்கம் மண் ஒட்டியிருந்தது.

நீதிபதி முதலில் நீண்ட நேரம் பேசினார். கல்லறைத் தோட்டம் உண்மையின் இடம் என்றார். முப்பது ஆண்டுப் பணியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறை வாசகங்களைப் படித்திருப்பதாகவும், அவற்றில் ஒன்றுகூட மனதை அசைக்காதபடி பார்த்துக்கொண்டதே இந்தத் திருமண்டலத்தின் சாதனை என்றும் சொன்னார். குழுவினர் தலையசைத்தார்கள். பிறகு கிளிஃபர்டை எழுந்து நிற்கச் சொன்னார்.

"இந்தச் சொல்லுக்கு ஆதாரம் வேணும் மிஸ்டர் டாஸ்கர். உங்க மனைவி உயிரோட இருந்தப்போ அவங்களப்பத்தி யாராவது இந்தச் சொல்லச் சொன்னதுண்டா?"

"இல்லீங்க."

"நீங்க?"

கணப்பு சீறிக்கொண்டிருந்தது.

"இல்லீங்க."

"அப்போ அவங்களுக்கே தெரியாத ஒண்ண அவங்க தலைமாட்டுல எழுதணுங்கறீங்க."

"ஆமாங்க," என்றார் கிளிஃபர்ட். "அதுக்காகத்தான்."

நீதிபதி இதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்து ஆதாரம் ஏதேனும் உண்டா என்றார். கடிதம்? வாழ்த்து அட்டை? கிளிஃபர்ட் எனக்குச் சைகை காட்டினார். நான் கீழே வைத்திருந்த அட்டைப்பெட்டியை மேசைக்குத் தூக்கிப்போனேன். பம்பு நிலையத்துப் பதிவேடுகள், முப்பத்து நான்கு. நிலையத்தை மின்சாரத்துக்கு மாற்றியபோது எரிக்கப் போனவற்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். நீதிபதி நடுவிலிருந்து ஒன்றை உருவி உரக்கப் படித்தார்.

"'நீர்மட்டம் நாலடி இரண்டங்குலம். காற்று வடகிழக்கு. மேவிஸ் வந்தாள்.'" பக்கத்தைத் திருப்பினார். "'நீர்மட்டம் நாலடி. காற்று இல்லை. மேவிஸ் வந்தாள்.' 'மூன்றடி பதினோரு அங்குலம். மதகில் களை அகற்றப்பட்டது. மேவிஸ் வந்தாள், தலையில் பனி.'" வேறொரு பதிவேட்டைத் திறந்தார். அதிலும் அப்படியே. இன்னொன்றைத் திறந்தார். "இவங்க எதுக்கு வந்தாங்க?"

"சாப்பாடு கொண்டாருவா. மத்தியானம்."

"தினமுமா?"

"தெனமும்."

"இந்தப் பதிவேட்ல நீர்மட்டம், காற்று, பழுது தவிர வேற எதையும் எழுதக்கூடாதுன்னு முதல் பக்கத்துலயே அச்சடிச்சிருக்கே."

"ஆமாங்க. ரெண்டு தடவ திட்டு வாங்கினேன்."

"முப்பத்து நாலு வருஷம் விதிய மீறியிருக்கீங்க," என்றார் நீதிபதி. அதைக் குறித்துக்கொள்ளும்படி எழுத்தரிடம் சொன்னார். "இதுல அவங்க வந்தாங்கன்னு தெரியுது. எப்படிப்பட்டவங்கன்னு தெரியல. அவங்களப்பத்தி, அவங்க காதுபட, நீங்க எப்பவாவது ஏதாவது மதிப்பீடு சொல்லியிருக்கீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க."

கிளிஃபர்ட் தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"ஆஸ்பத்திரியில கேட்டா," என்றார். "'நாப்பத்தியோரு வருசம் ஆச்சே கிளிஃப், எப்பிடித்தான் இருந்தேன் நான்'னு. சிரிச்சிக்கிட்டுத்தான் கேட்டா. மூக்குல கொழா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பரவால்லன்னு சொன்னேன்."

பின்வரிசையில் தெர்மாஸ் மூடியைத் திருகிக்கொண்டிருந்த யாரோ நிறுத்திவிட்டார். வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது, எங்கள் ஊரில் அது பெரிய பாராட்டு. அதைக் கேட்காமலே செத்தவர்கள் உண்டு.

"அப்புறம்?"

"பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு. கெளம்பிட்டேன். பஸ்ஸுல வர்றப்போ, நாளைக்குப் போயி ஒழுங்காச் சொல்லணும்னு நெனச்சேன்."

"எதை?"

கிளிஃபர்ட் தூணில் சாய்ந்திருந்த பலகையைக் கையால் காட்டினார்.

"சொன்னீங்களா?"

"காலையில போன் வந்திருச்சுங்க."

நீதிபதி எழுத்தர் பக்கம் திரும்பினார். "'பரவாயில்லை'. எழுதிக்கிட்டீங்களா?" எழுதியாகிவிட்டது என்றார் எழுத்தர். டீ கொடுக்கப்பட்டது.

தீர்ப்பு டிசம்பரில் வந்தது. இருபத்து மூன்று பக்கம். உறையைப் பிரித்து என் சமையலறை மேசையில் கிளிஃபர்டுக்குப் படித்துக் காட்டினேன். அதே அச்சடித்த முதல் வரியைத் தாண்டிவிட்டுத்தான் தொடங்கினேன். நீதிபதி பேரழகாக எழுதியிருந்தார். மனுதாரரின் துயரத்தை அவர் மதிக்கிறார். ஆனால் துயரம் ஆதாரமாகாது. கோரப்பட்ட சொல் மறைந்தவரைப் பற்றி ஒருபோதும் சொல்லப்படவில்லை என்பதை மனுதாரரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதே சமயம், மறைந்தவரைப் பற்றி, மிக நெருங்கிய சாட்சியால், அவரிடமே நேரில், அவர் கேட்டதற்குப் பதிலாக, இறுதி நாளில் கூறப்பட்ட ஒரு மதிப்பீடு ஐயமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளது. அது சுருக்கமானது, அடக்கமானது, பக்கத்துக் கல்லறைக்கு ஊறு செய்யாதது. ஆகவே பெயருக்கும் ஆண்டுகளுக்கும் கீழே "பரவாயில்லை" என்று ஒன்றரை அங்குல எழுத்தில் வெட்ட இதனால் அனுமதி அளிக்கப்படுகிறது. அங்கீகரிக்கப்பட்ட வாசகத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அது இல்லாமல் கல்லை நடக்கூடாது.

படித்து முடித்தேன். கிளிஃபர்ட் மேசையின் மரக்கோட்டை நகத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அத கல்லுல போடச் சொல்றாங்களா?"

"போடலாங்கறாங்க. இல்லேன்னா கல்லே கூடாது."

"அவ தலைமாட்டுல. நான் சொன்னத."

"மேல்முறையீடு இருக்கு கிளிஃப். நாப்பது நாளுக்குள்ள. நான் எழுதறேன்."

"நீ நல்லாத்தான் எழுதற நார்மன்," என்றார். எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். "கல்ல வேற யாருக்காச்சும் குடுத்துடச் சொல்லு ரெக்கிட்ட. பின்பக்கம் நல்லாத்தான் இருக்கு, திருப்பிக்கலாம்."

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து நான் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிவிட்டு வெளியே வந்தபோது அவர் மேவிஸின் மேட்டருகே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றிருந்தார். பலகை நின்ற குழியில் மழைநீர் தேங்கியிருந்தது. பக்கத்தில் எர்னஸ்டின் கல்லில் பாசியைச் சுரண்டிக்கொண்டு ஹில்டா முழங்கால் மெத்தையில் இருந்தாள்.

கிளிஃபர்ட் தொண்டையைச் செருமினார். "நாலடி ஒண்ணு," என்றார் மண்ணிடம். "காத்து மேற்கு." பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுவாரமும் அப்படித்தான். மூன்றாம் வாரம் நீர்மட்டம், காற்று எல்லாம் சொல்லி முடித்து, கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். முகம் வேகவைத்ததுபோல் சிவந்திருந்தது. குனிந்து, உதட்டை மட்டும் அசைத்து, அந்தச் சொல்லைச் சொன்னார். எனக்கே கேட்கவில்லை, வாயசைவில்தான் தெரிந்தது.

ஹில்டா சுரண்டுவதை நிறுத்தவில்லை. தலையையும் திருப்பவில்லை.

"சத்தமாச் சொல்லு கிளிஃப்," என்றாள். "தொழிற்சாலையில நின்னு நின்னு அவளுக்கு எடது காது கேக்காதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

சத்தமாகச் சொன்னார். மரத்திலிருந்த காகங்கள் எழும்பின. ஹில்டாவின் கையிலிருந்த சுரண்டி "கடமை" என்ற சொல்லுக்குமேல் நின்றது. பிறகு மெத்தையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரியில் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. அனுமதிக்கப்படாத சொல் ஒன்று மார்ல்பி கல்லறைத் தோட்டத்தில் திறந்தவெளியில் உச்சரிக்கப்படுவதாகத் தகவல் கிடைத்திருக்கிறது. உச்சரிப்பு பற்றி விதிகளில் தற்போது எதுவும் இல்லை. இருப்பினும் கோப்பை முடித்துவைக்கும் பொருட்டு, இது எவ்வளவு காலத்துக்கு நீடிக்கும் என்பதை மார்ல்பி செயலாளர் இணைப்புப் படிவத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும்.

படிவத்தை எடுத்துக்கொண்டு கிளிஃபர்ட் வீட்டுக்குப் போனேன். அவர் கதவருகே காலணிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அன்று செவ்வாய்க்கிழமை.

"எத்தன நாளைக்குன்னு கேக்கறாங்க."

நிமிராமலே யோசித்தார். "நாப்பத்தியோரு வருசம்னு போடு."

"கிளிஃப், ஒனக்கு எழுவத்தாறு வயசு."

"தெரியும்," என்றார். இன்னொரு காலணியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அதான் இப்போல்லாம் தெனமும் போறேன்."